விரல்மேல் பழி போடாதீர்கள்

பொத்தேரி, காட்டாங்குளத்தூர் விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் தங்கிப் படித்துக்கொண்டே, முதல் எலெக்ட்ரிக் கிட்டாருக்குக் காசு சேர்க்கும் மாணவ மாணவியருக்கு,



கல்லூரி திறக்கும் நாட்களில் பொத்தேரி ரயில் நிலையத்தில் இறங்கும் கூட்டத்தில், முதுகில் நீளமான கறுப்பு உறை மாட்டிய சிலரைப் பார்க்கலாம். ஓராண்டு போனால் அந்த உறைகளில் பல, அறைக்கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். நான்காம் ஆண்டு முடிகிற மே மாதத்தில் வந்த விலைக்குக் கைமாறும். ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான் வரும்: "நமக்கு அதெல்லாம் வராது மச்சான், விரல் ஒத்துழைக்கல."

அந்தப் பதிலை மறுக்கத்தான் இந்த மடல். முதல் ஆறு மாதத்தில் கிட்டாரைக் கீழே வைத்துவிடுகிறவர்களில் பெரும்பாலோரின் விரலில் ஒரு குறையும் இல்லை. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே, யாரும் சரிசெய்து கொடுக்காத ஒரு கிட்டாரோடு அவர்கள் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். கம்பி பலகையிலிருந்து தேவைக்கு மேல் உயரமாக நிற்கும். அழுத்த அழுத்த விரல் நுனி எரியும். அழுத்திய பிறகும் சுருதி விலகியே கேட்கும். பத்தாண்டு வாசித்தவரிடம் அதே கிட்டாரைக் கொடுத்தால் அவரும் முகம் சுளிப்பார். புதிதாகக் கற்கிறவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேறு கிட்டார் இல்லாததால், தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு விலகிவிடுகிறார். இசைக்கு இது பெரிய நஷ்டம்.

முதலில், வீட்டிலும் அறையிலும் எல்லோரும் சொல்லும் ஓர் அறிவுரையை ஒதுக்கிவிடலாம். "முதல்ல அக்கவுஸ்டிக் வாங்கு, அது கைவந்த பிறகு எலெக்ட்ரிக்குக்குப் போ" என்பது அது. இதற்கு இசை சார்ந்த காரணம் எதுவும் கிடையாது. அக்கவுஸ்டிக் கிட்டாரில் வழக்கமாகப் போடும் 12 கேஜ் எஃகுக் கம்பிகள் ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ விசையில் இழுபட்டு நிற்கின்றன. எலெக்ட்ரிக்கில் போடும் 9 கேஜ் செட்டில் அது 40 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. தொடக்கக்காரரின் மென்மையான விரலுக்கு எது தோது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்றும் உண்டு. மூன்று பேர் படுத்திருக்கும் அறையில் இரவு பதினொரு மணிக்கு அக்கவுஸ்டிக்கைத் தொட முடியாது. எலெக்ட்ரிக்கை ஆம்ப்பில் சொருகாமல் வாசித்தால் அடுத்த கட்டிலில் இருப்பவர்கூட விழிக்கமாட்டார். எலெக்ட்ரிக் இசைதான் பிடிக்கும் என்றால் எலெக்ட்ரிக்கிலேயே தொடங்குங்கள். பிடித்த ஒலி காதில் விழும்போதுதான் மறுநாளும் கை கிட்டாரைத் தேடிப் போகும்.

பொறியியல் படிக்கிறவர்களுக்கு எலெக்ட்ரிக் கிட்டாரின் உள்வேலையும் பிடிக்கும். 1831-ல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல்தான் மொத்த சங்கதியும். ஒவ்வொரு கம்பிக்கும் கீழே ஒரு காந்தம். காந்தங்களைச் சுற்றி, தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. மேலே எஃகுக் கம்பி அதிர்ந்தால் காந்தப்புலம் கலைகிறது, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. அந்தச் சின்னஞ்சிறு மின்னழுத்தம் கேபிள் வழியே போய் ஆம்ப்பில் பெருகுகிறது. அமெரிக்காவில் ஜார்ஜ் போஷாம்ப்பும் அடால்ஃப் ரிக்கன்பேக்கரும் இந்த முறையில் முதல் எலெக்ட்ரிக் கிட்டாரை உருவாக்கியது 1931-ல். வாணலி போன்ற அதன் உருவத்தால் அதற்கு 'ஃப்ரையிங் பேன்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் ஓடத் தொடங்கியதும் அதே 1931-ல்தான். 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டரைக் கொண்டுவந்த லியோ ஃபெண்டர் ரேடியோ பழுதுபார்த்து வந்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது.

காந்தமும் சுருளும் சேர்ந்த அந்த அமைப்புக்கு 'பிக்கப்' என்று பெயர். கடையில் அதன் வகைகளாக 'சிங்கிள் காயில்', 'ஹம்பக்கர்' என்ற இரண்டு சொற்கள் காதில் விழும். ஒற்றைச் சுருள் பிக்கப்பின் ஒலி தெளிவானது, மணி போன்றது. ஆனால் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சலையும் சேர்த்தே அது பிடித்துவிடும். டியூப்லைட், லேப்டாப் சார்ஜர், ஃபேன் ரெகுலேட்டர் எல்லாம் அதில் கேட்கும். கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய செத் லவர் 1955-ல் இரண்டு சுருள்களை எதிரெதிராகச் சுற்றி அந்த இரைச்சலை ரத்து செய்தார். அதுதான் ஹம்பக்கர். மின்சாதனங்கள் நெருக்கியடிக்கும் விடுதி அறைக்கு, கம்பிகள் உடல்பக்கத்தில் படியும் 'பாலத்துக்கு' (பிரிட்ஜ்) அருகே ஒரு ஹம்பக்கரும் மற்ற இடங்களில் சிங்கிள் காயிலும் உள்ள கிட்டார் நல்ல சமரசம். விற்பனையாளர் இதை 'எச்.எஸ்.எஸ்.' என்பார்.

இனி பணம். கையில் 20,000 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல்முறை வாங்குகிறவர் அத்தனையையும் கிட்டாரிலேயே போட்டுவிட்டு, கேபிளுக்கும் ஆம்ப்புக்கும் நண்பனிடம் கைநீட்டுகிறார். அதற்குப் பதில் 14,000 ரூபாய்க்குள் கிட்டாரை முடித்துக்கொண்டு, மீதியை 'செட்டப்' (வாசிக்கத் தோதாகக் கிட்டாரைச் சரிசெய்வது), ஒரு சிறிய ஆம்ப், நல்ல கேபிள், ஒரு செட் மாற்றுக் கம்பி, முதல் இரண்டு மாத வகுப்பு என்று பிரிப்பதே புத்திசாலித்தனம். யமஹா பசிஃபிகா, ஃபெண்டரின் ஸ்குவையர், ஐபனீஸின் ஜியோ, கோர்ட் என்று தொடக்கநிலைக்கு நம்பகமான வரிசைகள் உண்டு. இவற்றின் புது விலை பட்ஜெட்டைத் தாண்டினால், இவற்றையே பழையதாகத் தேடலாம். கொல்கத்தாவின் கிவ்சன் தொடங்கி இந்திய நிறுவனங்களும் எலெக்ட்ரிக் கிட்டார் விற்கின்றன. ஒரே மாடலில் இரண்டு கிட்டார்கள்கூட ஒன்றுபோல் இருக்காது. கையில் இருக்கும் அந்த ஒரு கிட்டாரைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். ஆகவே முதல் கிட்டாரை ஆன்லைனில் வாங்க வேண்டாம். 1842-ல் தொடங்கிய, அண்ணா சாலையில் இருக்கும் மியூஸி மியூசிக்கல் மாதிரியான கடைக்கு, பொத்தேரியிலிருந்து பூங்கா வரை மின்ரயிலில் போய்வர அரைநாள் போதும்.

வாசிக்கத் தெரியாதவர் கடையில் என்ன சோதிப்பது? வாசிக்கத் தெரியாமலேயே சோதிக்கலாம். கூச்சப்படாமல் ஒரு நாற்காலியைக் கேட்டு வாங்கி உட்காருங்கள்.

கழுத்துப்பலகையின் இரண்டு ஓரங்களிலும் கட்டைவிரலை மேலிருந்து கீழாக ஓட்டிப் பாருங்கள். பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகளின் முனைகள் அரம்போல் கீறினால் அதை வைத்துவிடுங்கள். அடுத்து, தடித்த கம்பியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு மெல்லிய தாள் நுழையுமளவுக்கு இருந்தால் போதும். அதற்கு மேல் இருந்தால், தலைப்பக்கத்தில் கம்பிகள் படியும் 'நட்' உயரமாக இருக்கிறது என்று பொருள். எஃப் கார்ட் பிடிக்க முடியாமல் கிட்டாரையே விட்டவர்களின் கதை பெரும்பாலும் இந்த அரை மில்லிமீட்டரில்தான் தொடங்குகிறது. நட் உயரமாக இருந்தால் முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் விரல் வலிக்கும், அழுத்தும் ஸ்வரமும் மேலே ஏறிவிடும். கற்றுக்கொள்கிறவர் முதல் மாதம் முழுக்க வாசிப்பதும் அந்த மூன்று ஃப்ரெட்டுகளில்தான். இதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் எத்தனையோ பேர் தங்கள் கையைக் குறை சொல்லிக்கொண்டு போய்விட்டார்கள்.

பிறகு பன்னிரண்டாவது ஃப்ரெட். அந்த ஃப்ரெட்டின் உச்சியிலிருந்து கம்பி நிற்கும் உயரத்துக்கு 'ஆக்‌ஷன்' என்று பெயர். தடித்த கம்பியில் 2 மில்லிமீட்டர், மெல்லிய கம்பியில் 1.5 மில்லிமீட்டர் அளவில் இருப்பது எலெக்ட்ரிக்குக்கு வசதி. போனில் ஒரு ட்யூனர் செயலியைத் திறந்துவைத்து, பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேர்மேலே கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டுங்கள். அதன் பின் அதே இடத்தில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே ஸ்வரமாகக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பாலத்தில் உள்ள திருகைத் திருப்பிச் சரிசெய்யலாம். இது குறையாகாது, செய்து தரச் சொல்லிக் கேட்டால் போதும். கடைசியாக ஆறு கம்பிகளிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தி மீட்டிக்கொண்டே போங்கள். ஏதாவது ஓரிடத்தில் மட்டும் சத்தம் செத்துப்போனால் அங்கே ஃப்ரெட் மேடு பள்ளமாக இருக்கிறது. ஆம்ப்பில் சொருகியபின் கேபிள் முனையை ஆட்டிப் பாருங்கள், வால்யூம் குமிழைத் திருகிப் பாருங்கள். கரகரத்தால் வயரிங்கில் கோளாறு. கால் மணி நேர வேலை இது. இதற்கு முகம் சுளிக்கிற கடையில் வாங்க வேண்டியதில்லை.

"என் கை சின்னது" என்று தயங்குகிறவர்கள் கொஞ்சம் நீளத்தைக் கவனிக்கலாம். ஃபெண்டர் வகைக் கிட்டார்களில் நட்டிலிருந்து பாலம் வரை கம்பியின் நீளம் 648 மில்லிமீட்டர், கிப்சன் வகையில் ஏறக்குறைய 628. இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் சின்னக் கைக்கு உண்மையிலேயே தெரியும். ஆனாலும் கை அளவு ஒரு தடையாக இருந்ததே இல்லை. ஏ.ஆர். ரஹ்மானின் மேடைகளில் மோகினி டே வாசித்த பேஸ் கிட்டாரின் கம்பி இவை எல்லாவற்றையும்விட நீளமானது. இன்னொரு எச்சரிக்கை: கம்பியை முன்னும் பின்னும் பூட்டிவைக்கும் 'ஃப்ளாய்ட் ரோஸ்' வகைப் பாலம் முதல் கிட்டாரில் வேண்டாம். ஒரு கம்பியைச் சுருதி சேர்த்தால் மற்ற ஐந்தும் விலகும். அதோடு மல்லாடுவதிலேயே வாசிக்கும் நேரம் கரைந்துவிடும்.

புதிதோ பழையதோ, வாங்கிய கையோடு செட்டப்புக்குக் கொடுத்துவிடுங்கள். கிட்டார் சர்வீஸ் செய்கிறவர் கழுத்துக்குள் இருக்கும் இரும்புத் தண்டைத் திருகி வளைவைச் சரிசெய்வார், நட்டின் காடிகளை அரத்தால் இறக்குவார், பாலத்தின் உயரத்தையும் சுருதியையும் ஒழுங்குபடுத்துவார், புதுக் கம்பி போடுவார். 14,000 ரூபாய் கிட்டாரின் விலையோடு பார்த்தால் இந்தச் செலவு சிறியதுதான். சரியாக செட்டப் செய்த மலிவான கிட்டார், செட்டப் செய்யாத விலையுயர்ந்த கிட்டாரைவிடத் தொடக்கக்காரருக்கு நல்லது. இந்த மடலில் ஒரே ஒரு வரியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

ஆம்ப் விஷயத்தில் ஆசையை அடக்க வேண்டும். அறைக்கு 10 வாட் ஆம்ப்பே அதிகம். கிட்டாரின் ஜாக்கிலேயே சொருகும் தீப்பெட்டி அளவு ஹெட்போன் ஆம்ப்பும், லேப்டாப் இருப்பவர்களுக்கு ஆடியோ இன்டர்ஃபேஸும் இன்னும் பொருத்தம். ஹெட்போன் வயர் உள்ளதாக இருக்கட்டும். ப்ளூடூத்தில் ஒலி பத்தில் ஒரு நொடி அல்லது அதற்கும் மேல் தாமதமாக வரும். விரல் ஒரு காலத்திலும் காது ஒரு காலத்திலும் இருந்தால் தாளம் எப்படிப் பிடிபடும்?

இங்கே உயிர் சம்பந்தப்பட்ட ஒன்றையும் சொல்லியாக வேண்டும். எலெக்ட்ரிக் கிட்டாரின் கம்பிகள் பாலம் வழியாக ஆம்ப்பின் எர்த்தோடு இணைந்திருக்கின்றன. கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைவது அதனால்தான். எர்த் சரியில்லாத அறையில் அதே கம்பி ஆபத்தாகலாம். 1972 மே மாதம் வேல்ஸின் ஸ்வான்சீ நகர மேடையில் ஸ்காட்லாந்துக் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, கிட்டார் கையிலிருக்க, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். அவருக்கு வயது 27. ஜி.எஸ்.டி. சாலையின் இரு பக்கமும் அவசரமாகக் கட்டி வாடகைக்கு விட்ட அறைகள் நிறைய. மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டரில் சொருகாதீர்கள். ஆம்ப் வைக்கப்போகும் பிளக் பாயின்ட்டில் எர்த் இருக்கிறதா என்று ஒரு எலெக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். வீட்டு உரிமையாளரிடம் கேட்கக் கூச்சப்பட வேண்டிய விஷயமில்லை இது.

சரி, கிட்டார் வந்தாயிற்று, எதை வாசிப்பது? இணையப் பாடங்கள் நிறைய உண்டு. ஆஸ்திரேலியாவின் ஜஸ்டின் சாண்டர்கோ இலவசமாகத் தரும் தொடக்கப் பாடத்திட்டம் வரிசையானது, நம்பத்தக்கது. ஆனால் அந்தப் பாடங்கள் சொல்லாத ஒரு வழி தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் காதில் ஏற்கெனவே இருக்கிறது. பாட்டு வகுப்பு, கோயில் நாதஸ்வரம், சினிமாப் பாட்டு என்று ஏதாவது ஒரு வழியில் ராகங்கள் நமக்குப் பழகியவை. அவற்றை ஒற்றைக் கம்பியிலேயே தேடலாம்.

ஒரு கம்பியை அழுத்தாமல் மீட்டுவதை ஸட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதே கம்பியில் 1, 4, 5, 7, 8, 11, 12 ஆகிய ஃப்ரெட்டுகளை வரிசையாக அழுத்தினால் மாயாமாளவகௌளை. பாட்டு வகுப்பில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் சரளி வரிசை அதில்தான் இருக்கிறது. புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் அந்த வரிசைகள் குரலுக்கு எவ்வளவு நல்ல பயிற்சியோ, கிட்டார் விரலுக்கும் அவ்வளவு நல்ல பயிற்சி. மூன்று காலங்களில் அவற்றை மெட்ரோனோமோடு வாசித்தால் இடது கையும் வலது கையும் சேர்ந்து நடக்கத் தொடங்கும். 2, 4, 7, 9, 12 என்று போனால் மோகனம். மேற்கில் இதற்கு மேஜர் பென்டடானிக். 3, 5, 7, 10, 12 என்று போனால் சுத்த தன்யாசி. இதுதான் மைனர் பென்டடானிக். ப்ளூஸிலும் ராக்கிலும் கேட்கும் சோலோக்களில் பெரும்பகுதி இந்த ஐந்து ஸ்வரங்களின்மேல் நிற்கிறது. எந்தப் புத்தகமும் இல்லாமல் இந்த எண்களை வைத்தே ஒரு மாதம் வாசிக்கலாம்.

அடுத்த படி கம்பியை இழுப்பது. சரஸ்வதி வீணையில் மெழுகின்மேல் பதித்த 24 மெட்டுகள் இருக்கின்றன. வீணை வாசிப்பவர் ஒரு மெட்டில் நின்றபடியே கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து அடுத்த ஸ்வரங்களைப் பிடிக்கிறார். எலெக்ட்ரிக் கிட்டாரில் 'பெண்டிங்' என்பதும் அதே இழுப்புதான். மெல்லிய கம்பி அதற்கு இடம் தருகிறது. ஒற்றை விரலால் இழுக்க வேண்டாம். மோதிர விரலால் அழுத்தி, நடுவிரலையும் ஆள்காட்டி விரலையும் அதன் பின்னால் முட்டுக்கொடுத்து, மணிக்கட்டைத் திருப்பித் தள்ளுங்கள். இழுத்துப் போய்ச் சேர வேண்டிய ஸ்வரத்தை முதலில் அதன் சொந்த ஃப்ரெட்டில் வாசித்துக் கேளுங்கள். பிறகு இழுத்து அதைத் தொடுங்கள். இந்தப் பயிற்சியில் விரலைவிடக் காது வேகமாக வளரும்.

இது வெறும் கற்பனை ஒப்பீடு இல்லை என்பதற்கு இதே சென்னையில் சாட்சிகள் உண்டு. 1969-ல் பிறந்த மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ், இரட்டை இரட்டையாக எட்டுக் கம்பி கொண்ட மேற்கத்திய மாண்டலினை ஐந்து ஒற்றைக் கம்பி எலெக்ட்ரிக் மாண்டலினாக மாற்றிக்கொண்டார். சட்டென்று அடங்கிவிடும் நாதத்தை மின்சாரம் நீட்டித் தந்தது. நீண்ட நாதத்தில் கமகம் உட்கார்ந்தது. சிறுவனாக அவர் சபா மேடை ஏறியபோது சந்தேகப்பட்டவர்கள்கூடப் பிறகு டிசம்பரில் இடம்பிடித்து உட்கார்ந்து கேட்டார்கள். ஜான் மெக்லாஃப்லினின் 'ரிமெம்பர் சக்தி' குழுவிலும் அவர் வாசித்தார். 1970-களின் சக்தி குழுவுக்காக மெக்லாஃப்லின் செய்வித்த கிட்டாரில், ஃப்ரெட்டுகளுக்கு நடுவே பலகையைக் குழிவாகச் செதுக்கியிருந்தார்கள். வீணையில் போல ஆழமாக இழுப்பதற்காக. அதே சக்தி குழு 2024-ல் கிராமி விருது பெற்றது.

எலெக்ட்ரிக் கிட்டாரிலேயே கர்நாடகக் கச்சேரி செய்து சுகுமார் பிரசாத் வழிபோட்டார். அந்த வழியை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் ஆர். பிரசன்னா. ராணிப்பேட்டைக்காரர், சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டுமானப் பொறியியல் படித்தவர். படித்து முடித்து அமெரிக்காவின் பெர்க்லி இசைக் கல்லூரிக்குப் போனார். வயலின் கலைஞர் ஏ. கன்னியாகுமரியிடம் கர்நாடக இசை கற்றார். ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்குச் செலுத்திய வணக்கமாக 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்' என்று ஓர் ஆல்பமே போட்டார். 2010-ல் செய்யூர் பக்கம் சுவர்ணபூமி இசைக் கழகத்தை நிறுவுவதில் முன்நின்றதும் அவர்தான். பொறியியல் வகுப்பில் உட்கார்ந்துகொண்டு கிட்டாரை நினைக்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கலைஞர் பிரசன்னா. பரீட்சைக்கு நடுவே அரை மணி நேரம் ஒதுக்கி அவர் வாசிக்கும் ஒரு கீர்த்தனையைக் கேட்டாலே, ஃப்ரெட் போட்ட வாத்தியத்தில் கமகம் வராது என்ற பேச்சு அடங்கிவிடும்.

சினிமாவைச் சொல்லாமல் தமிழ்க் கிட்டார் கதை முழுமையாகாது. இளையராஜா கிட்டார் கலைஞராகத்தான் சென்னையில் வேலை தேடினார். மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்று, லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றவர் அவர். பிறகு அவருடைய பாடல்களில் சதானந்தம், ஆர். சந்திரசேகர், பேஸ் கிட்டாரில் சசிதரன் என்று பெயர் வெளியே தெரியாமலேயே ஒரு தலைமுறைக்கே கிட்டார் ஒலியைப் பழக்கியவர்கள் வாசித்தார்கள். 'மூடுபனி', 'பயணங்கள் முடிவதில்லை' படங்களின் கிட்டார் பாடல்களை இன்றைக்கும் விடுதி மொட்டைமாடிகளில் கேட்கலாம். ரஹ்மான் திரைக்கு வருமுன் சிவமணி, ஜான் ஆன்டனி ஆகியோரோடு 'ரூட்ஸ்' குழுவில் வாசித்தவர். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்து மேடையில் இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசைக்கலைஞர் டென்மாவும் கொண்டுவந்த 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில், பறையும் கானாவும் எலெக்ட்ரிக் கிட்டாரும் ஒரே மேடையில் நின்றன. கிட்டாரைக் கையிலெடுக்கும்போது ஆங்கிலப் பாட்டுதான் வாசிக்க வேண்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். நமக்குச் சொந்தமான பெரிய சொத்து இருக்கிறது.

ஆசிரியர் அவசியமா? முதல் மூன்று மாதத்துக்கு அவசியம். கட்டைவிரல் எங்கே இருக்க வேண்டும், பிக்கை எப்படிப் பிடிக்க வேண்டும், வேண்டாத கம்பிகளை எப்படி உள்ளங்கையால் அடக்க வேண்டும் என்பதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் திருத்தினால் ஓராண்டு மிச்சம். திரையில் வரும் ஆசிரியருக்கு உங்கள் தோள் இறுகியிருப்பது தெரியாது. தேவாலய இசைக்குழுக்களில் வாசிக்கிறவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். சென்னையின் பல நல்ல கிட்டார் கைகள் ஞாயிறு ஆராதனையில்தான் பழகின. சான்றிதழ் வேண்டுமென்றால் டிரினிட்டியின் ராக் அண்ட் பாப் தேர்வு தொடக்கநிலையோடு எட்டு கிரேடுகள் கொண்டது. வேண்டாதவர்களுக்கு எஸ்.ஆர்.எம். வளாகத்தின் மிலான் விழாவோ ஐ.ஐ.டி.யின் சாரங் விழாவோ நல்ல இலக்கு. ஒரு தேதி குறித்துவிட்டால் பயிற்சி தானே ஒழுங்காகும்.

தினமும் இருபது நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் வாசிப்பது விரலைப் புண்ணாக்குமே தவிர வேறு பயன் தராது. விரல் நுனி வலி முதல் மூன்று நான்கு வாரம் இருக்கும், பிறகு தோல் காய்த்துப்போகும். மணிக்கட்டிலோ முழங்கையிலோ வலித்தால் உடனே நிறுத்துங்கள். அது பெரும்பாலும் உட்காரும் விதத்தில் உள்ள தவறு.

இந்தப் பக்கத்து ஈரக்காற்றும் வியர்வையும் கம்பியைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். வாசித்து முடித்ததும் பழைய பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கமும் சேர்த்துத் துடையுங்கள். உறைக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். கம்பி கறுத்து, தொட்டால் சொரசொரத்தால் மாற்றிவிடுங்கள். துருப்பிடித்த கம்பியில் சுருதி நிற்காது. சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள்ளோ, மேற்கு வெயில் சுடும் சுவரிலோ கிட்டாரை விடக் கூடாது. சூட்டில் பசை இளகும், கழுத்து வளையும்.

கடைசியாக, இந்த மடலை வாசிக்கும் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அறைக்கதவுக்குப் பின்னால் ஒரு கிட்டார் தொங்கினால், ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் முகம் தெரியாதவருக்குத் தள்ளிவிடாதீர்கள். அதை எடுத்துப்போய் ஒருமுறை செட்டப் செய்து வாசித்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் வேண்டாம் என்று தோன்றினால், முதலாம் ஆண்டில் வாசிக்க ஆசைப்படும் ஒரு தம்பிக்கோ தங்கைக்கோ செட்டப் செலவையும் சேர்த்து நியாயமான விலைக்குக் கொடுங்கள். ஜாக் ஆடுகிறதா, எந்த ஃப்ரெட்டில் சத்தம் சாகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிக் கொடுங்கள்.